கமலாத்தாளும் ஆப்பிரிக்கப் பாசியும்

கிணத்துக்கடவிலிருந்து எருத்தேன்பதிக்கு வாக்கப்பட்டு வந்த கமலாத்தாளுக்கு ஏரிப் பாசனத்தின் கடைமடையில் அரை ஏக்கர் வயல். எல்லாருக்கும் பாய்ந்த பிறகுதான் அவள் வரப்பைத் தண்ணீர் தொடும். எழுபத்தைந்தில் அதுவும் தொடவில்லை. நீரில் மிதந்து பரவும் ஆப்பிரிக்கப் பாசி மடைவாயை அடைத்துக்கொண்டது. கதிர் வரும் நேரத்தில் நெல் சருகாகிப் போனது. விதைக்குக்கூட ஒரு படி மிஞ்சவில்லை.

பாசி வார அரசாங்கம் ஆள் எடுக்க ஆரம்பித்தது அதற்கு முந்தின வருஷம், எழுபத்து நாலில். அன்று முதல் அவள் தண்ணீருக்குள்தான் கிடந்தாள். வைக்கோல் பிரியைத் தொடைத் தடிமனுக்கு முறுக்கி, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து நீர்மேல் இழுத்து வருவார்கள். பாசி மெத்தைபோலச் சுருண்டு கரைக்கு ஒதுங்கும். இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பெண்கள் அதைக் கூடையில் அள்ளிக் கரைமேல் கொட்டுவார்கள். காய்ந்ததும் தீ வைப்பார்கள். ஓர் இலை தப்பினாலும் பதினைந்து நாளில் பாய் விரித்துவிடும். அதனால் மற்றவர்கள் கரையேறிய பிறகும் கமலாத்தாள் கோரைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டு நிற்பாள். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்.

"ஏனுங்க்கா, ஏரிக்குப் பேன் பாக்கறீங்களா?" என்பாள் கூட வேலை செய்யும் பூமாரி.

"உனக்கென்ன, தலைமடைக்காரி. நீ பேசுவ."

எழுபத்தாறு ஆனியில் ஏரி துடைத்து வைத்த மாதிரி ஆனது. மலையாளத்து ஓவர்சியர் சுவக்கீன் வந்து கரையைச் சுற்றிப் பார்த்து, வேலை தீர்ந்ததென்று எழுதிக்கொண்டு போனார்.

ஆடியில் நடவு. விதை இல்லாத கமலாத்தாள் கோவிந்தாபுரத்துச் சொந்தக்காரரிடம் நாற்று கேட்டு வாங்கினாள். வண்டியில் வந்த நாற்று முடிகளை, வாடாமலிருக்க, எப்போதும் செய்வதுபோல ஏரி மடையோரத் தண்ணீரில் ஊறப்போட்டு மறுநாள் நட்டாள்.

பதினெட்டாம் நாள் மடையோரம் முறத்தளவு பச்சை மிதந்தது.

"எந்தப் பாவி கொண்டாந்து போட்டானோ!" என்று கத்திக்கொண்டே இறங்கி இரண்டு கையாலும் வாரினாள். வாரியதில் ஓர் ஓலைக்கீற்று சிக்கியிருந்தது. இந்த ஊரில் நாற்று முடியை வைக்கோலால்தான் கட்டுவார்கள். ஓலையால் கட்டி வந்தது அவளுடைய நாற்று மட்டும்தான். அவள் கத்தல் நின்றது.

பாலத்தருகே சைக்கிளை நிறுத்தியிருந்த சுவக்கீனிடம் ஈரச்சேலையோடு போனாள்.

"சாரே, பாசி வந்துருச்சுங்க. நாலு ஆள் போடுங்க."

"லிஸ்ட் முடிஞ்சு போச்சே சேச்சி. இனி அடுத்த வருஷம்தான். அது எப்படி வந்தது?"

"நாந்தானுங்க கொண்டாந்தேன். நாத்து வேருல."

அவர் பெடலில் கால் வைத்தார். "மூணு வருஷம் வாரினது நீங்கதானே, சேச்சி" என்றார்.

கமலாத்தாள் பழைய பிரியைத் தேடியெடுத்துத் திரும்பவும் ஏரியில் இறங்கினாள். பூமாரி மறுமுனையைப் பிடித்தாள்.

"பேன் பாத்த தலையிலயே பேனை உட்டுட்டீங்களேக்கா."

"இழு."

மடையோரப் பாசி உச்சிப்பொழுதுக்குள் தீர்ந்தது. பூமாரி கரையேறிச் சேலையைப் பிழிந்தாள். கமலாத்தாள் பிழியவில்லை. மடைத்தண்ணீர் போகிற வாய்க்காலோடு நடந்து தன் வயலுக்கு வந்தாள். இந்த வருஷம் தண்ணீர் கடைசி வரப்புவரை நின்றது. குனிந்து முதல் நெற்குத்தின் தூரை விலக்கினாள். ஒன்றுமில்லை. அடுத்தது, அதற்கடுத்தது. நாலாவது தூரில் சுண்டுவிரல் நகமளவு பச்சை ஒட்டியிருந்தது. கிள்ளி மடியில் போட்டுக்கொண்டு ஐந்தாவதற்கு நகர்ந்தாள்.