அவள் திரையில் சிவப்பு

சொன்னால் சிரிப்பீர்கள். போன வாரம் முழுக்க எனக்கு வயிற்றெரிச்சல் — கட்டிய மனைவி மேல்.

காரைக்கால் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிராக இரண்டு லேப்டாப். நானும் ஸ்டெல்லாவும் வேறு வேறு சாஃப்ட்வேர் கம்பெனி. ஞாயிற்றுக்கிழமை போலகத்தில் அவள் அண்ணன் கட்டிய புது வீட்டை ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி மந்திரிக்கிறார். நான் போகாவிட்டால் மச்சான் ஜென்மத்துக்கும் பேசமாட்டார். எனக்கோ திங்கட்கிழமை ரிலீஸ்.

எங்கள் டீமில் அவரவர் எழுதும் புரோகிராமை அவரவர் மெஷினில் வாரக்கணக்கில் பொத்தி வைப்போம். கேட்டால், "முழுசா முடிச்சிட்டுக் காட்டுறேன்". ரிலீஸுக்கு முன்னால் மொத்தமாகச் சேர்ப்போம். சேர்ந்தால்தானே? ஒருவர் எழுதியது இன்னொருவர் எழுதியதை உடைக்கும்...

ஸ்டெல்லா டீமில் கன்டினியுவஸ் இன்டக்ரேஷன். சின்னத் துண்டானாலும் எழுதியதைத் தினமும் ஒரே இடத்தில் சேர்த்துவிட வேண்டும். சேர்த்த கையோடு மெஷினே சோதித்துவிடும். பச்சை என்றால் சரி. சிவப்பு என்றால், உடைத்தது யார் என்று டீமுக்கே தெரியும். ஆனாலும் அவள் தினமும் நேரத்தோடு லேப்டாப்பை மூடிவிடுவாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் திரையில் சிவப்பு. எனக்கு உள்ளுக்குள் குஷி. மாட்டினாயா?

அவளோ ஹெட்செட்டில் சாவகாசமாக, "என்னோடதுதாங்க உடைஞ்சிருக்கு. இதோ பாத்துடுறேன்" என்றாள். கொஞ்ச நேரத்தில் பச்சை. எழுந்துபோய் மீன் குழம்பைச் சுடவைத்தாள்.

"வெக்கமா இல்லையா? அத்தன பேரு பாக்குறாங்க."

"காலையில எழுதுனதுதான, ஒடனே தெரிஞ்சிடுச்சு. நீங்க வாரக்கணக்கா ஒளிச்சு வச்சிருக்கீங்களே, அதுல எவ்வளவு இருக்கோ... சாப்பிட வாங்க."

ஞாயிறு அவள் மட்டும் போலகம் போனாள். நான் புரோகிராம் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். மச்சான் போனில் கேட்டார்: "மாப்ள, நம்ம வீட்டுக்கு வரணும்னு தோணலையா உங்களுக்கு?"

அப்போதுதான் உறைத்தது. அவள் நேரத்தோடு லேப்டாப்பை மூடுவதில் இல்லை என் பொறாமை. டீம் முழுக்கக் கேட்க 'தப்பு என்னுடையது' என்று சொல்லிவிட்டு, அவளுக்குச் சோறு இறங்குகிறதே — அதில்தான். சாஃப்ட்வேரைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அந்த மனசை எந்தக் கடையில் வாங்குவது?

எங்கள் டீமிலும் இனி தினமும் சேர்ப்பது என்று திங்களன்று முடிவானது. ரிலீஸ் முடிந்ததும் நேரே போலகம். வாசலிலேயே சொல்லிவிட்டேன், "தப்பு என்னோடதுதான் மச்சான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஸ்டெல்லா சொல்லிக் குடுத்துச்சா?"

பாருங்கள், இதிலும் பேர் அவளுக்குத்தான்.