கதவில்லாத லாரி

பத்து வருஷம் என் வலது தோள் மழையில் நனைந்தது. காரணம் வெங்கிட்டு. இப்போதும் வானம் இருட்டினால் அந்தத் தோள்தான் முதலில் வலிக்கிறது.

மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுகிற குமாஸ்தா அவர். பாலக்காட்டுக்காரர். காதில் ஒரு சுண்ணக்கட்டி, இடுப்பில் முடிச்சுப் போட்ட சணல் கயிறு. முதல் முடிச்சு சக்கரத்தின் அளவு, இரண்டாவது அச்சின் அளவு. லாரி என்ன, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

ஐம்பத்துநாலில் மலையிலிருந்து ஏலக்காய் இறக்க முதலாளிக்கு ஒரு லாரி தேவைப்பட்டது. அங்கே ரோடு கிடையாது, சேறும் பாறையும்தான். ஓட்டப்போகிறவன் நான். முதலாளி கொடுத்த காசுக்குப் பாதி லாரிதான் வரும் என்று வெங்கிட்டுவிடம் சொன்னேன்.

"அப்போ பாதி லாரி ரெண்டு வாங்கினாப் போச்சு, ஓய்!"

கொச்சங்காடிப் பழைய இரும்புக் கடைகளில் கயிறும் கையுமாக ஒரு மாதம் அலைந்து, பட்டாளம் கழித்துப்போட்ட இரண்டைப் பிடித்தார். "இதுக்கு மூச்சில்லை, அதுக்குக் காலில்லை. சேர்த்தா ஒரு ஆளாக்கும்." ஒன்றிலிருந்து நாலு சக்கரமும் இழுக்கிற அடிப்பாகம், மற்றதிலிருந்து எஞ்சின். பலகைக்கு வெலிங்டன் தீவில் கப்பலிறங்கிய பெட்டி மரம்.

ஆனால் இரும்பைத் தொடும் முன்னால் முழு லாரியையும் கிடங்குத் தரையில் அதே அளவில் வரைந்துவிட்டார். மூட்டை தூக்குகிற சேட்டன்மார்கூட அதை மிதிக்காமல் சுற்றிப் போவார்கள். கோட்டுக்குள்ளே ஒரு மூட்டைமேல் என்னை உட்கார வைப்பார். "கால் எட்டறதா? திரும்பும். இப்போ சாடும்!" அவர் 'சாடும்' என்றால் நான் குதிக்க வேண்டும்.

என் பக்கத்தில் மட்டும் கோடு விட்டுப்போயிருந்தது.

"கதவு எங்கே சாமி?"

"வேண்டாம்."

"மழை வந்தா?"

"நனையும்."

"அந்தப் பழைய லாரிக் கதவு பட்டறையிலே சும்மாதானே கிடக்கு. காசா பணமா?"

சுண்ணக்கட்டியை உருட்டிக்கொண்டே இருந்தார். "என் தம்பி ஓட்டின லாரிக்கு நல்ல கதவாக்கும். ஆத்துலே விழுந்தப்போ திறக்கலை."

அப்புறம் நான் கேட்கவில்லை. முணுமுணுத்தேன், அவ்வளவுதான். பத்து வருஷம்.

அறுபத்துநாலில், ஆடி மாசத்துக் கர்க்கடக மழையில் மலை விளிம்பு சரிந்தது. லாரி பள்ளத்துக்குப் போயிற்று. வெளியே சாடிய நான் புல்லில் கிடந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த வெங்கிட்டு லாரியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எந்தக் கால் முதல்லே?" என்றார். வலது என்றேன். தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்காக என் தோள் நனையவில்லை என்று ஆகிவிடுமா?

போன வாரம் ஆளனுப்பினார். போனால், கிடங்குத் தரையில் சுண்ணக்கோட்டில் புது லாரி. வலது பக்கம் பழையபடி திறந்து கிடக்கிறது.

"எனக்கு அம்பத்திரண்டு வயசு சாமி. இதுக்காவது ஒரு கதவு போடுங்களேன்."

ஒரு மூட்டையை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். அவர் கோட்டுக்கு வெளியே மண்டியிட்டு, என் கால் விழப்போகிற இடத்தில் சிதறிக் கிடந்த மிளகுமணிகளைத் துண்டால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். உள்ளங்கையால் தரையை ஒரு தரம் தடவிப் பார்த்தார்.

"ம், சாடும்" என்றார்.