வாசலுக்கு எடுத்த அளவு

மழைத்துளி தலையில் விழுந்தால் தையல்காரம்மா தலையைத் துடைப்பதில்லை. முதலில் மெஷினில் இருக்கும் துணியை நகர்த்துவார். பிறகு காலாலேயே ஒரு கிண்ணத்தைத் துளி விழும் இடத்துக்குத் தள்ளிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மிதிக்கத் தொடங்குவார். கூரையின் ஓட்டைகள் அத்தனையும் அவர் காலுக்கு அத்துப்படி.

ஏழைகளின் வீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் அரசுத் திட்டத்தில் நான் மேற்பார்வையாளன். ஒரு வீட்டுக்கு ஒரு வேலைதான் என்பது எங்கள் விதி. இந்த வீட்டுக்குக் கூரை என்று யாரையும் கேட்காமலே முடிவு கட்டியிருந்தேன். அவரோ வாசலை அகலப்படுத்தித் தரச் சொன்னார்.

வண்டியிலிருந்து விழுந்த கணவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலி இந்த வாசலில் நுழையாது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தன் அக்கா வீட்டுக்குப் போனவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். வாரம் தவறாமல் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்க்கிறார் தையல்காரம்மா. நாலு பேர் நடுவில், சாப்பிட்டீர்களா என்பதைத் தவிர வேறென்ன கேட்க முடியும்?

மழைக்காலம் முழுக்க நனையப் போகிறீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார்.

"கூரை ஒழுகுனா கிண்ணம் வைக்கலாம் சார். அவரு இல்லாத எடத்துல எதைக் கொண்டுபோய் வைக்கிறது?"

படிவத்தில் கூரை என்பதை அடித்துவிட்டு வாசல் என்று எழுதினேன். என்னை யாரும் இப்படித் தேடியதில்லை என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அளவெடுக்கும்போதும் தையல் புத்திதான். நாற்காலியின் அகலத்துக்கு மேலே இரண்டு பக்கமும் தாராளமாக விடச் சொன்னார். சுவருக்குமா தையலுக்கு விடுவது என்று கொத்தனார் கேலி செய்தார்.

"இருக்கட்டும்ணே. பத்தாமப் போச்சுன்னா பிரிச்சா தைக்க முடியும்?"

நேற்று வேலை முடிந்தது. புதுக் கதவு நிலை நின்றது. படிகள் இருந்த இடத்தில் போட்ட சரிவும் நன்றாகக் காய்ந்துவிட்டது. இனி அவரைக் கூட்டிவரலாம் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது தையல்காரம்மா சரிவின் அடியில் நின்றிருந்தார். உட்கார்ந்தவர் உயரத்துக்கு முட்டியை மடக்கி, முழங்கைகளை விரித்து, இல்லாத சக்கரங்களை இரு கையாலும் உருட்டிக்கொண்டு வாசலுக்குள் போனார். எங்கும் உரசவில்லை. ஆனாலும் வெளியே வந்தார்.

"அக்கா வீட்டுச் சாப்பாடு. கொஞ்சம் பெருத்துட்டாரு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, முழங்கைகளை இன்னும் அகட்டி, மறுபடி உருட்டத் தொடங்கினார்.