வாபெத்தின் பேரைச் சுற்றிய கயிறு

கல்லில் எழுத்து வெட்டும் பென்னுப்புக்கு அரசர் மேல் கோபமில்லை, அவருடைய பேர்கள் மேல்தான் கோபம். ஒரு மனுஷனுக்கு எதற்கப்பா ஐந்து பேர்? பருந்துப் பேர் ஒன்று, கழுகும் பாம்பும் காக்கிற பேர் ஒன்று, பொன் பேர் ஒன்று, முடிசூட்டும்போது வைத்த பேர் ஒன்று, பிறந்தபோது வைத்த பேர் ஒன்று. போதாக்குறைக்குக் கடைசி இரண்டையும் சுற்றி முடிச்சுப் போட்ட கயிறு மாதிரி ஒரு வளையம் வேறு வெட்ட வேண்டும். அது அரசருக்கு மட்டும். வேறு எவர் பேரைச் சுற்றிப் போட்டாலும் தலை தப்பாது.

ஆற்றின் மேற்குக் கரைக் கோயிலில் தூண் தூணாக அத்தனையும் வெட்டி முடித்து, அப்பாடா என்று அவன் உட்கார்ந்தபோது அரண்மனை ஆள் வந்து நின்றான். அரசர் இரண்டு பேரை மாற்றிக்கொண்டாராம்!

"எல்லாத் தூணுலயும் மாத்தணும்" என்றான் மேஸ்திரி இபூய். அவன் பென்னுப்பின் மச்சான்.

"மச்சான், உன் தங்கச்சி உப்புல கிடக்கா. அடக்கத்துக்குள்ள அவ கல்லுல பேரு வெட்டணும். என்னை விட்டுடு."

பென்னுப்பின் பெண்டாட்டி வாபெத் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். அடக்கம்வரை உடல் கெடாமலிருக்க உப்பில் மூடி வைத்திருந்தார்கள். பேரில்லாத கல்லை வைத்து மூடினால் அந்த உலகத்தில் அவள் யாரோ எவளோ. படைக்கிற ரொட்டிகூட அவளுக்குப் போய்ச் சேராது.

"எனக்கு மட்டும் வயிறு எரியலையா? திருவிழாவுக்குள்ள முடியலன்னா என் முதுகுத் தோலை உரிச்சிடுவாங்க. பழைய பேரைச் சுண்ணாம்பு வச்சு அடை. மூணு பூச்சு பூசுடா! ஒத்தப் பூச்சு நிக்காது, மறு வருஷமே கொட்டிப்போயி பழசு பல்லைக் காட்டும்."

பென்னுப் தினமும் கேட்டான். தினமும் இதே பாட்டு.

"அவரு அடுத்த பேரு யோசிக்கிறதுக்குள்ள ஓடிப் போயிடுண்ணே" என்று பக்கத்துத் தூண்காரன் சிரித்தான். பென்னுப்புக்கு அவனை உளியால் குத்தலாம் போலிருந்தது.

அடக்கத்தன்று காலையில்தான் விட்டார்கள். ஓட்டமாக ஓடினான். கல்லறை வாசலில் பெண்கள் தலையில் மண்ணை வாரிப் போட்டு அழத் தொடங்கியிருந்தார்கள். அரசரை, மச்சானை, தன்னை, எல்லாரையும் திட்டிக்கொண்டே வெட்டினான். கண்ணில் நீர் முட்டியது, கை மட்டும் நிற்கவில்லை. முடித்து, தூசியை ஊதிப் பார்த்தபோது பகீரென்றது. வாபெத்தின் பேரைச் சுற்றி அரசரின் கயிறு கிடந்தது. பழகிப்போன கை, அதுபாட்டுக்குப் போட்டுவிட்டது.

இபூய் குனிந்து பார்த்தான்.

"அடப்பாவி! என்ன காரியம்டா பண்ணி வச்சிருக்கே? செதுக்கி எடு அதை!"

"ஒட்டி வெட்டிட்டேன். எடுத்தா பேரும் சேந்து போயிடும். ஒரே ஒரு நாள் முன்னாடி நீ விட்டிருந்தா ஒழுங்கா வெட்டியிருப்பேன்ல?" பென்னுப் உளியை அவன் கையில் திணித்தான். "இந்தா, நீயே அடி. உன் தங்கச்சி பேருதானே!"

இபூய் உளியைக் கல்லில் வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். அடிக்கக் கை வரவில்லை. வெளியே பூசாரி சீக்கிரம், சீக்கிரம் என்று கத்தினார்.

உளியைத் தூக்கி எறிந்துவிட்டு, கல்லறை வாசலை அடைக்க வைத்திருந்த சுண்ணாம்புச் சட்டியை இழுத்தான். கயிற்றின் பள்ளத்தில் மட்டும் விரலால் அப்பி வழித்தான். கயிறு மறைந்தது. வாபெத்தின் பேர் நின்றது. இபூய் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"மச்சான், இன்னும் ரெண்டு பூச்சு?" என்றான் பென்னுப்.

"போதும், நட" என்றான் இபூய்.