கண்ணில் நீரே வராத செங்கல்வராயன்

எங்கள் பல் கல்லூரியில் முப்பரிமாண ஸ்கேன் எடுப்பவர் செங்கல்வராயன். எட்டு வருடமாக அவருக்கு இடது கண் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. கவலை ஒன்றும் கிடையாது, மனிதர் சிரித்தாலும் ஒழுகும். மருந்துக்கடைச் சொட்டு மருந்தைப் போட்டே காலத்தை ஓட்டிவிட்டார். அவர் குடியிருக்கும் முத்தாபுதுப்பேட்டையில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், செத்தவர் பெயர்கூடத் தெரியாத இவர்தான் உருகி அழுதார் என்று பேர் வாங்குவார். "நான் இன்னாத்துக்கு மறுக்கணும்? டீ மொதல்ல எனக்குத்தான் வருது" என்பார்.

வம்பு வந்தது ஸ்கேன் ரூமில்தான். தாடையை வைத்து, தலையை இறுக்கி, "ஆடாம நில்லுங்க" என்று சொல்கிற ஆளே கண்ணைத் துடைத்தால் நோயாளி என்ன நினைப்பான்? ஆவடிக்காரர் ஒருவர், "எனக்கு இன்னா கீது? மறைக்காம சொல்லு நைனா" என்று கையைப் பிடித்துக் கதறிவிட்டார். வெறும் சொத்தைப்பல்! இன்னொரு அம்மாள் வேலப்பன்சாவடி பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிவிட்டாள்.

துறைத்தலைவர் டாக்டர் ஜம்புலிங்கத்திடம் புகார் போனது. அவர் எதையும் படிக்கமாட்டார், கையெழுத்துதான் போடுவார். 'இடைவிடாது கண்ணீர் வடிவதால்' திங்கட்கிழமையிலிருந்து செங்கல்வராயனுக்கு வேலை இல்லை என்று உத்தரவு வந்தது. அம்பத்தூரில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட, இங்கே வந்து ஒட்டிக்கொண்ட மனிதர். ஐம்பத்திரண்டு வயதில் எவன் வேலை கொடுப்பான்?

அதே வாரம் வாசலில் பேனர் கட்டினார்கள். முதுகலை மாணவி நிஷாவின் ஆராய்ச்சிக்கு மாநாட்டில் முதல் பரிசு! கண்ணிலிருந்து மூக்குக்கு நீர் இறங்கும் எலும்புக் குழாயை, நூறு பேரின் பழைய ஸ்கேனில் அளந்திருந்தாள். பல்லுக்கு எடுத்த படத்தில் கண்ணுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். படத்தில் அதுவும் விழுகிறது, ஓசியில் கிடைத்ததை யார் விடுவார்? பரிசு வாங்கித் தந்தது அறுபத்துமூன்றாம் நபர். இடது குழாய் மற்றவர்களுடையதில் பாதி அகலம்கூட இல்லை, நியாயமாக நீர் கண் வழியே வழிய வேண்டும், ஆனாலும் கண்ணில் நீரே வருவதில்லையாம்! மகத்தான கண்டுபிடிப்பு என்று மேடையில் கை தட்டினார்களாம்.

யாரடா அந்தப் புண்ணியவான் என்று ரிஜிஸ்டரைப் புரட்டினேன். செங்கல்வராயன்! போன வருடம் ஞானப்பல்லுக்காக அவருக்கே எடுத்த ஸ்கேன்.

இது எப்படி நடந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் படிவத்தில் பதினான்கு கேள்விகள். சுகர் உண்டா, மூக்கடைப்பு உண்டா, கண்ணில் நீர் வடிகிறதா... நோயாளி கம்மலைக் கழற்றுவதற்குள் 'இல்லை' கட்டத்தில் மேலிருந்து கீழே ஒரே கோடாக இழுத்துவிடுவது கவுண்டர் வழக்கம். கவுண்டரில் இருப்பவள் நான்தான். கீழே கையெழுத்து, வேறு யார், ஜம்புலிங்கம். நிஷா அதை அப்படியே நம்பி எழுதிவிட்டாள்.

படிவத்தை எடுத்துச் செங்கல்வராயன் கையில் கொடுத்தேன். மனிதர் அதையும் வேலைநீக்க உத்தரவையும் டாக்டர் மேசைமேல் விரித்தார்.

"சார், இதுல எனக்குக் கண்ணுல தண்ணியே வராதுன்னு போட்டுகீது. அதுல நிக்காம வருதுன்னு போட்டுகீது. ரெண்டுலயும் உங்க கையெழுத்து. எது பொய்யின்னு சொல்லுங்க, அத்த கிழிச்சுப் போட்டுட்டுப் போய்க்கினே இருக்கேன்."

பக்கத்தில் நின்ற நிஷாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் ஜன்னல் வழியே பேனரைப் பார்த்தார். அப்புறம் வேலைநீக்க உத்தரவை அவரே நான்காகக் கிழித்தார். புதிதாக ஒன்றும் எழுதிக் கொடுத்தார்: 'பரிசோதித்ததில் கண்ணீர் வடிதல் காணப்படவில்லை.' அன்றைக்குக் கவுண்டரில் எல்லோருக்கும் கேசரி!

நேற்று நிஷா அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "சின்ன ஆபரேஷன்தாண்ணா, கண் ஆஸ்பத்திரியில சரி பண்ணிடுவாங்க" என்றாள். உறுத்தியிருக்கும், பாவம். ஒரு வாரம் மருத்துவ விடுப்பு வேண்டும், அதற்குத் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். செங்கல்வராயன் குஷியாக உள்ளே போனார்.

"இன்னா காரணம்யா?"

"கண்ணுல தண்ணி வருது சார்."

டாக்டர் பாய்ந்து வந்து கதவைச் சாத்தினார். சாத்தினாலும் கவுண்டருக்குக் கேட்டது.

"மெதுவா பேசுய்யா! உனக்குத்தான் தண்ணியே வராதே. அத்த வச்சுத்தான உனக்கு வேல!"

வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்தேன். இந்த முறை வலது கண்ணிலும் நீர்.