எதிரி இராணுவத்திடம் கொடுத்த பெயர்

2005 ஜனவரி. ஒஸ்லோவில் குரோருட் பக்கம் ஒரு சலவை நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் மலைபோல வந்து குவியும். அவற்றைத் துவைத்து, சூடான உருளைகளுக்குள் விட்டு மடித்து அனுப்புவோம். சுனாமி வந்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது.

என்னோடு இரண்டு இந்தோனேசியர்கள் வேலை செய்தார்கள். ஒருவர் சுமாத்திராத் தீவின் அச்சே மாகாணத்தைச் சேர்ந்தவர், என் நண்பர். அச்சேக்குத் தனிநாடு கேட்ட இயக்கத்தோடு தொடர்பு இருந்ததால் மலேசியாவுக்குத் தப்பி, அங்கிருந்து நோர்வேக்கு அகதியாக வந்தவர். மற்றவர் ஜாவாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி, நோர்வேஜியரை மணம் முடித்து வந்தவர். இருவருக்கும் பொதுவான மொழி இருந்தும் என் நண்பர் அதில் ஒரு சொல்லும் பேச மாட்டார். அந்தப் பெண்மணி அவர்கள் மொழியில் காலை வணக்கம் சொன்னால் நோர்வேஜிய மொழியில் பதில் வரும். முந்தைய வருடம் அவர்கள் நாட்டில் மக்களே முதல் முறையாக நேரடியாக ஜனாதிபதியைத் தெரிவு செய்தார்கள். தூதரகத்தில் வாக்குப் போட்டுவிட்டு, மை பூசிய விரலை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு அந்தப் பெண்மணி வந்தார். என் நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்த எனக்கு யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் சந்தேகமே வரவில்லை.

சுனாமி என் நண்பரின் கிராமத்தை அப்படியே வழித்துக்கொண்டு போய்விட்டது. பெற்றோர் இல்லை என்பது தெரிந்துவிட்டது. தங்கையையும் அவளுடைய கைக்குழந்தையையும் பற்றி மட்டும் எந்தத் தகவலும் இல்லை. தொலைபேசிகள் வேலை செய்யவில்லை. செஞ்சிலுவைப் பட்டியல்களை வரி வரியாகப் பார்த்துப் பார்த்து அவர் கண்கள் சிவந்து கிடந்தன.

ஒரு நாள் மதிய இடைவேளையில் அந்தப் பெண்மணி எங்கள் மேசைக்கு வந்தார். எங்களுக்குள் பேச்செல்லாம் அரைகுறை நோர்வேஜிய மொழியில்தான். அதை எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்கிறேன்.

"என்ரை தம்பி ஆமியிலை இருக்கிறான். இப்ப அச்சேயிலைதான், நிவாரண வேலையிலை. தங்கச்சியின்ரை பேரையும் ஊரையும் எழுதித் தாங்கோ. தேடச் சொல்லுறன்."

அந்தப் பெண்மணி போனதும், நண்பர் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "குடுத்திடாதையுங்கோ. இயக்கக்காரன்ரை தங்கச்சி எண்டு தெரிஞ்சால் என்ன நடக்கும்? அவையளை நம்பேலாது."

ஒரு பெயர் இராணுவத்தின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். சரியான புத்திமதி சொன்னதாகவே நினைத்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடமும் பெருமையாகச் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்கடை தங்கச்சியெண்டா என்ன செய்வியள்?"



மறுநாள் காலை நண்பர் அந்தப் பெண்மணியிடம் நேரே போய், நான்காக மடித்த ஒரு காகிதத்தைக் கொடுத்தார். தங்கையைக் காப்பாற்றக் கொடுத்தோமா, காட்டிக்கொடுத்தோமா என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு கிழமை போனது. இன்னும் சில நாட்களும் போயின. எனக்கோ, நான் சொன்னதுதான் சரி என்று மனதின் ஒரு மூலையில் ஓர் அற்பத் திருப்தி. வெட்கமாக இருந்தாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்.

வெளியே பனி கொட்டிய ஒரு முற்பகலில், உருளைகளுக்கு அந்தப் பக்கமிருந்து அந்தப் பெண்மணி கைத்தொலைபேசியோடு ஓடி வந்தார். எதுவும் சொல்லாமல் அதை நண்பரின் காதில் வைத்தார்.

நண்பர் காதுகொடுத்துக் கேட்டார். பிறகு துவைக்காத விரிப்புகளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அது தங்கையின் பெயர் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் குழந்தையோடு உயிருடன் இருந்தாள். இரண்டு கிழமையாக முகாம் முகாமாக விசாரித்த அந்தச் சிப்பாய், மலைப்பக்கத்து ஊரொன்றில், பள்ளிவாசலில் தங்கியிருந்தவர்களிடையே அவளைக் கண்டுபிடித்திருந்தான். தன் தொலைபேசியையே அவள் கையில் கொடுத்திருந்தான்.

பேசி முடித்ததும் நண்பர் அந்தப் பெண்மணியிடம் கேட்டார்: "நான் ஆர் எண்டு தம்பிக்குத் தெரியுமோ?"

"தெரியும். ஒளிச்சா, பிறகு அவனுக்குத்தானே பிரச்சினை. அதாலை எல்லாம் சொன்னனான். 'முதல்லை ஆள் இருக்கோ எண்டு பாப்பம்' எண்டான்."

நான் ஒரு விரிப்பின் நுனியைப் பிடித்தபடி நின்றேன். இயக்கக்காரனின் தங்கையைத் தேடி அலைந்தது மேலதிகாரிக்குத் தெரிந்தால் அந்தப் பையனுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். இத்தனை காலம் அந்தப் பெண்மணியைப் பார்த்து ஒரு தடவையாவது நான் சிரித்திருக்கவில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இந்தோனேசிய அரசாங்கமும் அச்சே இயக்கமும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சிற்றுண்டிச்சாலைத் தொலைக்காட்சியில் அதைக் காட்டினார்கள். எங்கள் மேற்பார்வையாளர் இயந்திரங்களை நிறுத்திவிட்டு எங்களைப் பார்க்க விட்டார். முப்பது வருடம் சண்டை போட்டவர்கள் கைகொடுத்ததைப் பார்த்து யாரும் கைதட்டவில்லை. இலங்கையில் எங்கள் சமாதானம் குலைந்துகொண்டிருந்த நேரம் அது.

அப்போது நண்பர் அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பி, இருவருக்கும் பொதுவான அந்த மொழியில் ஏதோ கேட்டார். அவர் அந்த மொழி பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பெண்மணி கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

என்ன கேட்டார் என்று பிறகு அந்தப் பெண்மணியிடம் விசாரித்தேன்.

"தம்பி எப்ப வீட்டை வருவான் எண்டு கேட்டவர்," என்றார்.

இன்றைக்கும் யாராவது ஒரு கூட்டத்தையே சேர்த்து 'அவையளை நம்பேலாது' என்று சொன்னால் நான் தலையாட்டுவதில்லை. அன்று என் புத்திமதியை என் நண்பர் கேட்டிருந்தால், உயிரோடு இருந்த ஒரு தங்கையை அவர் இன்னும் எத்தனை நாள் செத்தவர் பட்டியலில் தேடிக்கொண்டிருந்திருப்பாரோ என்ற நினைப்பு என்னைத் தடுத்துவிடுகிறது.