கணீரென்று படித்த கடிதம்

போன ஞாயிறு பூசையில் வாசகம் படிக்க வேண்டியவர் வரவில்லை. பங்குச்சாமி என்னைக் கைகாட்டினார். படித்துவிட்டு வந்து வாசலில் செருப்பு மாட்டும்போது ஓர் அம்மாள், "கணீர்னு படிச்சீங்க சார், கேக்கவே நல்லா இருந்திச்சி" என்றார். இத்தனை வயதுக்கு அப்புறமும் அந்தக் 'கணீர்' என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது.

உங்களிடம் சொல்வதற்கென்ன. யுத்த காலத்தில், எட்டாவது தேறிய கையோடு, மயிலாப்பூரில் கடலோரம் ஒரு பங்குப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வாத்தியாரானேன். என்னிடம் இருந்த சரக்கு என் தொண்டை ஒன்றுதான். "சத்தம் கட்டுமரம் வரைக்கும் கேக்கணும்" என்பார் தலைமையாசிரியர். வாக்கியம் எங்கே முடிந்தாலும் சரி, வரி முடிகிற இடத்தில்தான் மூச்சு வாங்க வேண்டும், அதுவும் ராகமாக. அதுதான் அன்றைக்கு வாசிப்பு. படித்ததில் என்ன இருந்தது என்று நான் பிள்ளைகளைக் கேட்டதில்லை. என்னையும் யாரும் கேட்டு வளர்க்கவில்லை.

வகுப்பில் முதல் குரல் அருள்மேரியுடையது. ஒன்பது வயது. தலையில் எண்ணெய் வழிய எழுந்து நின்றாளானால் ஒரு பக்கத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் பாடி முடிப்பாள். அவள் அப்பா பெங்களூரில் பட்டாள முகாமில் சமையல்காரர். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது.

இன்ஸ்பெக்டர் வரப்போவதாகச் சேதி வந்தது. திங்கட்கிழமை அருள்மேரியைத் துவைத்த பாவாடையோடு அனுப்பச் சொல்ல, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"வா சார். பாப்பா படிப்பு உன் புண்ணியம். அவுரு இருக்கற எடத்துலேர்ந்து காயிதம் வந்துகீது. நாலு வாட்டி படிச்சிடுச்சி. எதிர்வூட்டு பீவிகூட வந்து கேட்டுட்டு, கணீர்னு படிக்குதுன்னு சொல்லிச்சி."

"எப்ப வந்துச்சு?"

"திங்கக்கெழம. ஏ பாப்பா, சாருக்குப் படிச்சிக் காட்டு."

மாதா படத்துக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுத்தாள். கையில் கடிதம் இருப்பதால் கைகட்டி நிற்க முடியவில்லையே என்று முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி ஆரம்பித்தாள். முதலில் எனக்கும் ராகம்தான் காதில் விழுந்தது. பெருமையாகக்கூட இருந்தது, ஆண்டவர் மன்னிக்கட்டும்.

"மேற்படியாருக்கு தேக அசௌக்கியம் மிகவும்... அதிகரித்து அபாய நிலையில் இருக்கிற... படியால் தாங்கள் தாமதமின்றிப் புறப்பட்டு..."

"நிறுத்து" என்றேன்.

"இன்னும் ரெண்டு வரி கீது சார்."

"இன்னா சார், மூஞ்சி இப்பிடி ஆயிடுச்சி?" என்றார் அம்மா, கையில் மீனோடு.

கடிதத்தை வாங்கி நானே ஒருமுறை படித்தேன். பிறகு அதை மடித்துவிட்டு, பேச்சுத் தமிழில், இரண்டே வார்த்தையில் சொன்னேன். அந்த அம்மாள் அலறவில்லை. மீனைச் சட்டியில் வைத்தார். கையைப் புடவையில் துடைத்தார். "ஆபீசு எழுத்து, அதான் புரியலன்னு இருந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அவரை அன்றைய ரயிலிலேயே ஏற்றிவிட்டேன். அவர் பெங்களூரில் இறங்குவதற்கு முந்தின நாளே அடக்கம் முடிந்திருந்தது.

அடுத்த வாரம் வகுப்பு விட்டதும் அருள்மேரி என் மேஜையருகே வந்து நின்றாள். "சார், நான் தப்பில்லாமதான படிச்சேன்?"

"ஒரு எழுத்துகூடத் தப்பில்லம்மா" என்றேன். வகுப்பில் நான் எங்கே நிறுத்தச் சொல்லிக்கொடுத்தேனோ அங்கேதான் நிறுத்தியிருந்தாள்.

அதற்குப் பிறகு நான்கு வரி ஆனதும் புத்தகத்தை மூடச் சொல்வேன். "இத உங்க அம்மாகிட்டப் போய் எப்படிச் சொல்லுவே?" என்று கேட்பேன். வகுப்பு மிரண்டு முழிக்கும். "என்ன சார், சத்தத்தையே காணோம், லீவு விட்டுட்டீரா?" என்று தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். அந்தத் திங்கட்கிழமை வராமல் ஒரு மாதம் கழித்து வந்த இன்ஸ்பெக்டர் என் பெயருக்கு எதிரே குரல் போதாது என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்தப் பள்ளி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். ராகப் படிப்பு எந்த வாசலிலும் கேட்பதில்லை. அது ஒழிந்ததற்கு மாதாவுக்குத் தோத்திரம். ஆனால் அதற்கு முன்பே, அந்த வருஷமே ஒன்று போய்விட்டது. அருள்மேரி பிறகு என் வகுப்பில் வாய்விட்டுப் படிக்கவே இல்லை. விரலை வரியில் வைத்து, உதட்டை மட்டும் அசைப்பாள்; ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று.